ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்கிரேட் செய்வது எப்படி?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. சென்ற சீசனில் ஒரு நாள் காலை அவர்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, ரூம் புக்கிங் பக்கம் வரமாட்டேங்குது. கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணிரட்டுமா?" என்றார். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர். ஆறு மாதக் கணக்கு முழுவதும் அதில்தான். தொடவே வேண்டாம் என்று சொல்லி, வேறு தளங்களைத் திறக்கச் சொன்னேன். திறந்தன. புக்கிங் பக்கத்தை மட்டும் செல்போனில் பார்க்கச் சொன்னேன். அங்கும் வரவில்லை. எனவே கோளாறு அவர் மேஜையில் இல்லை. புக்கிங் சேவை தரும் நிறுவனம் இரவில் தன் சர்வர்களை அப்கிரேட் செய்திருந்தது.

இத்தகைய சேவைகள் பல இன்று குபர்நெட்டிஸ் என்னும் மென்பொருளின் மேற்பார்வையில் இயங்குகின்றன. 2014ல் கூகுள் அறிமுகப்படுத்திய இலவச மென்பொருள் இது. கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். பல சர்வர்களை ஒரு கிளஸ்டராக இணைத்து, எந்தப் புரோகிராம் எதில் ஓட வேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதங்களே திருத்தங்கள் கிடைக்கும். ஆகவே அப்கிரேட்டைத் தள்ளிப்போட முடியாது.

சீசனில் லாட்ஜுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை இது. முதலில் வரவேற்பறைப் பதிவேட்டை நகல் எடுக்க வேண்டும். குபர்நெட்டிஸில் அந்தப் பதிவேட்டின் பெயர் எட்சிடி. அடுத்து, கட்டுப்படுத்தும் சர்வர்களை ஒரு பதிப்பு மட்டும் மேலேற்ற வேண்டும். இடையில் உள்ளதைத் தாண்டக் கூடாது. பிறகு மற்ற சர்வர்கள், ஒவ்வொன்றாக. புதிய ஆட்களுக்கு அந்த அறையைக் கொடுக்காமல், இருப்பவர்களை வேறு அறைக்கு மாற்றி, வேலை முடிந்ததும் திறந்துவிடுவதுதான் முறை. அறை மாற்றும் கட்டளைக்கு டிரெயின் என்று பெயர்.

இவ்வளவும் தெரிந்தவர்களே சறுக்கியதுண்டு. 2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளம் 314 நிமிடங்கள் முடங்கியது. 1.23லிருந்து 1.24க்கு மாறியபோது கட்டுப்படுத்தும் சர்வர்களின் மேல் இருந்த 'மாஸ்டர்' என்ற அடையாளச் சீட்டு நீக்கப்பட்டுவிட்டது. நெட்வொர்க் பாதைகளைக் கவனிக்கும் மென்பொருளோ அந்தச் சீட்டைத்தான் தேடியது! பழைய பதிப்புக்கு எளிதில் திரும்ப வழியில்லாததால் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். அதற்கான செய்முறைக் குறிப்பு பழைய பதிப்புக்காக எழுதப்பட்டதாக இருந்தது வேறு கூடுதல் தலைவலி.

அப்கிரேட் முடிந்தபின் சர்வர்கள் எல்லாம் 'ரெடி' என்று காட்டுகின்றனவா, புரோகிராம்கள் 'ரன்னிங்' நிலையில் உள்ளனவா, அடிக்கடி விழுந்து எழுகின்றனவா என்று பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அது போதாது. ஒரு ரூமை உண்மையாகவே புக் செய்து பார்க்க வேண்டும்.

நம் லாட்ஜ் நண்பருக்குப் பிற்பகலில் பக்கம் வந்துவிட்டது. அன்று மாலையே தென்காசிக்குப் போய் ஒரு பென் டிரைவ் வாங்கி, கணக்கு முழுவதையும் அதில் நகல் எடுத்துக்கொண்டார்.