பெயரை மறைத்து எழுதிய நடிகர்

1968இல் இங்கிலாந்தின் 'ஃபிராஸ்ட் ஆன் சண்டே' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஜெரால்ட் வைலி என்பவர் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதி அனுப்பத் தொடங்கினார். ஆளை யாரும் பார்த்ததில்லை. எல்லாம் ஏஜென்ட் வழியாகத்தான் வரும். நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள். யார் இந்த வைலி என்று நிகழ்ச்சிக் குழுவுக்குள் பேச்சு ஓடியது. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டாக இருக்குமோ என்றுகூடச் சிலர் ஊகித்தார்கள். அதில் நடித்துக்கொண்டிருந்த ரானி கார்பெட்டுக்கு ஒரு துணுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதன் உரிமையை விலைக்குக் கேட்டார். ஏஜென்ட் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துப்போய், சக நடிகர் ரானி பார்க்கரிடம் முறையிட்டார். அநியாய விலை, வாங்க வேண்டாம் என்று பார்க்கரும் சொன்னார். பிறகு வைலி மனமிரங்கி உரிமையை இலவசமாகவே கொடுத்துவிட்டார். நன்றியாக, அவருடைய முதலெழுத்துகளைப் பொறித்த ஆறு கண்ணாடிக் கோப்பைகளைக் கார்பெட் அனுப்பிவைத்தார்.

கடைசியில் ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த சீன உணவகத்தில் எல்லோருக்கும் வைலி விருந்து வைத்தார். அங்கே எழுந்து நின்று, வைலி நான்தான் என்று சொன்னவர் ரானி பார்க்கர். முதலில் யாரும் நம்பவில்லை.

பார்க்கர் இதை விளையாட்டுக்காகச் செய்யவில்லை. நிகழ்ச்சியின் முக்கிய நடிகர் எழுதியது என்று தெரிந்தால், சுமாராக இருந்தாலும் முகத்துக்காக எடுத்துக்கொள்வார்கள். எழுத்து தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும், தேறாதது தள்ளப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார். உண்மை தெரிந்த பிறகும் அவர் எழுதிய துணுக்குகளின் கீழே வைலி பெயரே தொடர்ந்து வந்தது. ஊமைப்பட பாணியில் அமைந்த 'தி பிக்னிக்', 'பை தி ஸீ' ஆகியவற்றுக்கு வேறு பெயர்கள். 1988இல் வந்த 'கிளாரன்ஸ்' என்ற சிட்காமுக்கு பாப் ஃபெரிஸ் என்று இன்னொரு பெயர். பிரிட்டனின் மிகப் பிரபலமான நகைச்சுவை நடிகர்களில் ஒருவர், எழுத்தாளராகப் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலேயே நின்றார்.

இன்று அங்கே நகைச்சுவை எழுதி நடிக்க வரும் இளைஞர் யாராலும் இப்படி ஒளிந்துகொள்ள முடியாது. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, பார்க்கர் எங்கே தொழில் கற்றார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ஃபோர்டில் 1929 செப்டம்பர் 25 அன்று பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். அப்பா எண்ணெய் நிறுவனத்தில் குமாஸ்தா. மகன் சிறிது காலம் கட்டடக்கலை படித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் குமாஸ்தா வேலை. மாலை நேரத்தில் அமெச்சூர் நாடகம். 1948இல் வங்கியை விட்டுவிட்டு, ஏல்ஸ்பரி என்ற சிறு நகரத்தில் இயங்கிய ரெபர்ட்டரி குழுவில் சேர்ந்தார். அவர்கள் பேச்சில் சுருக்கமாக 'ரெப்'. வாரத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, இரவில் இந்த வார நாடகம். இந்த வாரம் கிழவன் வேஷம் கட்டியவன் அடுத்த வாரம் போலீஸ்காரன், அதற்கடுத்த வாரம் துப்பறியும் கதையில் பிணம். செட் தூக்குவது, மேடைக்குப் பின்னால் ஓடியாடி வேலை செய்வது எல்லாமே நடிகர்கள் தலையில்தான். சம்பளம் சொற்பம். ஆனாலும் சம்பளம் உண்டு.

அந்தக் காலத்தை இனிப்பாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. குழுக்கள் திடீர் திடீரென்று படுத்துவிடும். நடிப்பு வேலை கிடைக்காதபோது பார்க்கர் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவமனைப் பணியாளராக நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிச் சென்றிருக்கிறார். ஊமை நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருக்கும் பென்ஸான்ஸில் அந்தக் குழுவின் பணம் தீர்ந்துபோனது. அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு நடையைக் கட்டினார்.

ஆனால் பட்ட பாடு வீண்போகவில்லை. பிரமால் ஊர் ரெப் குழுவில் கிளென் மெல்வின் என்ற நகைச்சுவை நடிகர் திக்கித் திக்கிப் பேசும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' தொடரில் கஞ்சத்தனமான மளிகைக் கடைக்காரர் ஆர்க்ரைட்டுக்கு பார்க்கர் அந்தத் திக்கலைக் கொடுத்தார். ராய் கிளார்க்கின் மூல ஸ்கிரிப்டில் அது கிடையாது. 1951இல் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸில் மேகி ஸ்மித் என்ற இளம் நடிகைக்கு, நீ இதில் தேற மாட்டாய், விட்டுவிடு என்று பார்க்கர் யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. அதே மேகி ஸ்மித்துடன் 2003இல், ஓய்வுக்காலத்துக்கு நடுவே, 'மை ஹவுஸ் இன் அம்ப்ரியா' படத்தில் நடித்தார். அதற்குள் அந்த அம்மையார் இரண்டு ஆஸ்கர் வாங்கியிருந்தார்.

வார ரெப்பைத் தொலைக்காட்சி விழுங்கியது. 1955இல் வணிக அலைவரிசையான ஐடிவி வந்தபின், நகரத்து மக்கள் வாராவாரம் நாடகக் கொட்டகைக்குப் போகும் வழக்கம் தேய்ந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. பார்க்கருக்கு இதில் அதிர்ஷ்டமும் இருந்தது. பழைய பள்ளியில் படித்து முடித்து, புதிய ஊடகம் வளரும் நேரத்தில் அதற்குள் நுழைந்தார். இயக்குநர் பீட்டர் ஹால் 1955இல் லண்டன் மேடைக்கு அழைத்தார். 1959 முதல் 'தி நேவி லார்க்' வானொலித் தொடர். 1966இல் தொலைக்காட்சியில் 'தி ஃபிராஸ்ட் ரிப்போர்ட்'. அதில் நெட்டையான ஜான் க்ளீஸ் மேல்தட்டு, நடுவில் பார்க்கர், குள்ளமான கார்பெட் அடித்தட்டு என்று மூவரும் வரிசையாக நின்று பிரிட்டனின் வர்க்கப் படிநிலையைக் காட்டும் காட்சியை இன்றைக்கும் எடுத்துப் போடுகிறார்கள். அதை எழுதியவர்கள் மார்ட்டி ஃபெல்ட்மனும் ஜான் லாவும்.

இருவரும் சேர்ந்து நடத்திய 'தி டூ ரானீஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி பிறந்தது ஒரு தொழில்நுட்பக் கோளாறால். விருது விழா ஒன்றில் ஏதோ பழுதாகி நிகழ்ச்சி நின்றுபோக, பார்க்கரும் கார்பெட்டும் தயாரிப்பே இல்லாமல் பல நிமிடங்கள் கூட்டத்தைச் சிரிக்கவைத்துச் சமாளித்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த பிபிசியின் பெரிய அதிகாரிகள் பில் காட்டனும் பால் ஃபாக்ஸும் இருவரையும் பிபிசிக்கு அழைத்துக்கொண்டார்கள். 1971 ஏப்ரலில் தொடங்கிய நிகழ்ச்சி 1987 கிறிஸ்துமஸ் வரை ஓடியது. உச்சத்தில் 1 கோடியே 70 லட்சம் பேர் சனிக்கிழமை இரவில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் கணிசமான பகுதியை எழுதியவர் வைலிதான். 1976இல் வந்த இரும்புச் சாமான் கடைத் துணுக்கு எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்றது. வாடிக்கையாளர் தோட்டத்து முள்கரண்டிக்குக் கைப்பிடி ('ஃபோர்க் ஹேண்டில்ஸ்') கேட்கிறார், கடைக்காரர் காதில் நான்கு மெழுகுவத்தி ('ஃபோர் கேண்டில்ஸ்') என்று விழுகிறது. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் குழப்பம். நிஜக் கடை ஒன்றில் நடந்ததாகக் கடைக்காரர்கள் எழுதி அனுப்பிய சம்பவத்திலிருந்து பார்க்கர் எடுத்துக் கட்டியது. அதன் முடிவு அவருக்குக் கடைசிவரை திருப்தி தரவில்லை. நாடே கொண்டாடிய ஒன்றில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைவினைஞர் மனம் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்று அந்தச் சனிக்கிழமை இரவு இல்லை. வீட்டுக்கு ஒரு பெட்டி போய், ஆளுக்கொரு திரை வந்துவிட்டது. 2024 கிறிஸ்துமஸ் இரவில் 'கேவின் அண்ட் ஸ்டேஸி' இறுதிப் பகுதியை 1 கோடியே 23 லட்சம் பேர் நேரலையில் பார்த்தபோது, அதை அதிசயமாகப் பத்திரிகைகள் எழுதின. பார்க்கர் காலத்தில் அது நல்ல கூட்டம், அவ்வளவுதான். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த பிபிசி தொலைக்காட்சி மையத்தின் பெரும்பகுதி இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பும் ஹோட்டலும்.

ரெப் இருந்த இடத்தை எடின்பரோ ஃபிரிஞ்ச் விழா பிடித்துக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டில், அரங்க வாடகையும் தங்குமிடமும் கையிலிருந்து போட்டு இளம் கலைஞர்கள் அங்கே போகிறார்கள். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013இல் 'ஃப்ளீபேக்' என்ற ஒற்றையாள் நாடகத்தை அங்கேதான் போட்டார். 2016இல் அது பிபிசி தொடராகி, 2019இல் எம்மி விருதுகளை அள்ளியது. அருமையான படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாதையில் எழுத்தும் எழுதியவரின் முகமும் பிரிக்க முடியாதவை. தன் பெயரை, தன் வாழ்வை, தன் குரலை முதலில் கடைவிரிக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் கூலி கிடையாது, கைக்காசுதான் கரையும். வங்கிக் குமாஸ்தாவாக இருந்த, சொத்து எதுவும் இல்லாத ஓர் இளைஞன் இன்று அந்தச் செலவை எப்படித் தாங்குவான்? நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

பழையது எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. 'தி டூ ரானீஸ்' துணுக்குகளில் பெண்களைக் காட்டிய விதம் இன்றைக்குச் சங்கடம் தருகிறது. 1980இல் அதில் வந்த 'தி வர்ம் தட் டர்ன்ட்' என்ற தொடர்கதை, 2012இல் பெண்கள் ஆட்சியைப் பிடித்து ஆண்களை அடக்கிவைப்பதாகக் கற்பனை செய்து சிரித்தது. உண்மையான 2012 முடியும்போது, மிராண்டா ஹார்ட் தானே எழுதி நடித்த சிட்காம் பிபிசியின் முதல் அலைவரிசைக்கு மாறியிருந்தது. பார்க்கர் காலத்து எழுத்தாளர் அறையில் பெண்ணுக்கு நாற்காலி கிடைப்பது அபூர்வம். அந்தக் கதவு திறந்தது பெரிய ஆதாயம். சம்பளத்தோடு கற்கும் இடம் மூடப்பட்டது பெரிய நஷ்டம். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைக்கக் கூடாது.

புகழின் உச்சத்தில், 58 வயதில், 1987 இறுதியோடு பார்க்கர் ஓய்வுபெற்றார். இதய நோய் ஒரு காரணம். சிரிக்கவைக்கும் யோசனைகள் வறண்டுகொண்டிருப்பதாகத் தானே உணர்ந்ததும் ஒரு காரணம். முடிவை முன்கூட்டியே அறிந்திருந்த கார்பெட் கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் பார்க்கர் 'தி எம்போரியம்' என்ற பழம்பொருள் கடை வைத்தார். லாபம் தராத கடை. பழைய அஞ்சலட்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அவராகவே பேச வேண்டிய இடங்களில் அவருக்குக் கூச்சம். வேஷம் இருந்தால்தான் தெம்பு. பிரபலங்கள் நாள் முழுதும் தங்களைப் பற்றியே பேசியாக வேண்டிய இன்றைய ஏற்பாட்டில் இவர் தாக்குப்பிடித்திருப்பாரா என்று யோசித்தால், இல்லை என்றே படுகிறது.

2005 அக்டோபர் 3 அன்று, 76 வயதில் காலமானார். அடுத்த மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் நடந்த நினைவுக் கூட்டத்துக்குச் சுமார் 2,000 பேர் வந்தார்கள். வழக்கமாக ஊர்வலத்தில் இரண்டு மெழுகுவத்தி. அன்று நான்கு. அவர் தொழில் தொடங்கிய ஏல்ஸ்பரியில், புதிய நாடக அரங்குக்கு வெளியே 2010இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலையில் இருப்பது 'பாரிட்ஜ்' சிட்காமின் கைதி ஃப்ளெட்சர்.

டிக் கிளெமென்ட்டும் இயன் லா ஃபிரனேயும் எழுதிய 'பாரிட்ஜ்' 1974 முதல் 1977 வரை வந்தது. உண்மையான சிறைக்குள் படமெடுக்க உள்துறை அனுமதி மறுத்ததால், ஈலிங் ஸ்டுடியோவின் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் பல மாடிச் சிறை செட் போட்டார்கள். தொடக்கத்தில் தண்டனையைப் படிக்கும் நீதிபதியின் குரலும் பார்க்கருடையதே. அவரைப் பார்த்திராதவர்கள் அதன் முதல் தொடரில் மூன்றாவதாக வரும் 'எ நைட் இன்' பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சிறையறை, பழம் கைதியாகப் பார்க்கர், முதன்முறை சிறைக்கு வந்து இரவைக் கண்டு அஞ்சும் இளைஞனாக ரிச்சர்ட் பெக்கின்சேல். அரை மணி நேரமும் பேச்சுதான். ஏல்ஸ்பரியிலும் பிரமாலிலும் வாரம் ஒரு வேஷம் கட்டிக் கற்றது அத்தனையும் அந்த ஓர் அறைக்குள் இருக்கிறது.