நான்கு கதவு ஹெரால்டு

"ஓடாத வண்டியைத் தேடி ஓராண்டாக அலைகிறாயே, ஓடுகிற வண்டி ஒன்றைத் தேடக் கூடாதா?" என்று வகுப்புத் தோழர்கள் என்னைக் கேலி செய்ததுண்டு. அப்போது எனக்குச் சரியான விடை சொல்லத் தெரியவில்லை. இந்த மலரின் பக்கங்களில் சொல்லிப் பார்க்கிறேன்.

என் தந்தையார் மோட்டார் மெக்கானிக். பதினான்காம் வயதில் ஒரு ஒர்க் ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். அவர் தொழில் பழகிய முதல் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஈராண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை விளங்காமற் போயிற்று. கடையைப் பூட்டினோம். அன்றிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு நாள் தொலைக்காட்சியில் ஓடிய பழைய படம் ஒன்றில் ஒரு சிறு கார் தெருமுனையில் வளைந்து திரும்பிற்று. "ஹெரால்டு மார்க் த்ரீ. நாலு கதவு வண்டி. இப்ப ஒண்ணுகூடக் கண்ணுல படறதில்ல" என்றார். அந்த வாரம் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

அம்பாசடரையும் ஃபியட்டையும் அறிந்த அளவுக்கு நம்மவர்கள் ஹெரால்டை அறிந்திருக்கவில்லை. இத்தனைக்கும் அது நம் ஊர் வண்டி. அம்பாசடர் கல்கத்தாவை அடுத்தும், ஃபியட் பம்பாயிலும் செய்யப்பட்டபோது, ஹெரால்டு சென்னையை அடுத்த வண்டலூரில் செய்யப்பட்டது. மூலம் இங்கிலாந்துதான். 1959இல் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு அது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. உடற்கூடு செய்து தந்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களிற் செய்து, தனிச் சேஸிஸின் மேல் போல்டு போட்டு முடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்பட்டது. அந்த இக்கட்டே நன்மையாயிற்று. பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ள இதைவிடத் தோதான கார் வேறில்லை. 1961 முதல் சென்னையில் ஹெரால்டு உருவாகலாயிற்று. என்ஜின் 948 சி.சி.

வண்டியின் முன்பாகம், மட்கார்டுகள் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும். பின்பக்க ஆக்ஸில்தான் குறை. இரு பாதிகளாக நடுவில் மூட்டுப் போட்ட அமைப்பு அது. பின்சீட்டில் மூவர் ஏறி உட்கார்ந்தால் சக்கரங்கள் காலை அகட்டி நிற்பவனைப்போல் விரிந்துவிடும். 1972இல் வந்த கெஸல் காரில் இதை மாற்றி, ஒரே ஆக்ஸிலாகப் போட்டார்கள்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்ததே இல்லை. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம் வழக்கத்துக்காக இங்கேதான் அது பிறந்தது. இந்தத் தேடல் இவ்வளவு கடினமாகிப் போனதன் காரணமும் அதுவே. என்ஜின் சாமான், பிரேக் சாமான், கண்ணாடி ரப்பர் முதலியவற்றை இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். பின்கதவை யாரிடம் கேட்பது? அங்கே அச்சே கிடையாது. ஆகவே என்ஜின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பின்கதவுகள் இரண்டும் இருக்க வேண்டும் என்பது அப்பா விதித்த முதல் நிபந்தனை.

இரண்டாம் நிபந்தனை தாள் பற்றியது. சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகள் புராதன வண்டிகளாகப் பதிவு பெறலாம். ஏற்கெனவே பதிவில் உள்ளவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவோருக்கு 'வி.ஏ.' வரிசை, கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றின் அமைப்பை மாற்றியிருக்கக் கூடாது. பாகம் கிடைக்காத காலத்தில் வேறு கார் என்ஜினைத் தூக்கி வைத்த ஹெரால்டுகள் எத்தனையோ!

முதலில் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாட்கள் சுற்றினேன். டயல் மீட்டர் கிடைத்தது, வண்டி கிடைக்கவில்லை. அதன்பின் விடுமுறைதோறும் ஊர் ஊராகக் காயலான் கடைகள். "ஹெரால்டா? போன வருஷம்தான் தம்பி வெட்டினோம்" என்ற சொல்லை எத்தனை இடத்தில் கேட்டிருப்பேன்! ஒரு தரகர் அழைத்துப்போய்க் காட்டியது இரண்டு கதவு வண்டி. மற்றொன்றில் டீசல் என்ஜின் குந்தியிருந்தது. கடைசியில் எனக்கு உதவியவர் தரகரல்லர், மாவட்டத் தலைநகர் ஒன்றில் வாழும் வயதான டிங்கர் ஒருவர். எந்த வண்டிக்கு எப்போது பட்டி பூசினோம் என்பது அவருக்கு மனப்பாடம். பழைய காரைத் தேடுவோர்க்கு நான் சொல்லக்கூடியது, விளம்பரம் பார்ப்பதைவிட இத்தகைய பெரியவர்களோடு டீ குடிப்பது மேல் என்பதே.

அவர் சொன்ன இடம் ஓர் அரிசி ஆலை. மூடிக்கிடந்த கொட்டகையில் உமி மூட்டைகளுக்கு நடுவே அது நின்றது. 1969ஆம் ஆண்டு வண்டி; எம்.எஸ். என்று தொடங்கும் எண். நான்கு கதவுகளும் இருந்தன. எனக்குக் கை நடுங்கியது.

மறு வாரம் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் இடக்கையில் காந்தத்துண்டை எடுத்துக்கொண்டு உடல் முழுதும் ஒட்டிப் பார்த்தார். பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. பிறகு கதவு இடுக்குகளைப் பார்த்தார். சேஸிஸ் தொய்ந்திருந்தால் இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இராது. கடைசியாக ஸ்குரூ டிரைவரின் பிடியால் சேஸிஸைத் தட்டிக் காது கொடுத்தார். இடப்பக்கக் கை ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அது தகடு. அதே அளவுக்கு வெட்டி வெல்டு வெச்சுக்கலாம். கதவு ரெண்டும் இருக்கே" என்றார்.

வண்டிக்கு உரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர். முதலில் வாரிசு பெயருக்கு 31ஆம் படிவத்தில் மாற்றி, அதன் பிறகே 29, 30ஆம் படிவங்களில் எங்கள் பெயருக்கு மாற்ற முடியும். மூவரும் கையெழுத்திட வேண்டும். மூத்தவர்கள் இருவரும் சம்மதிக்க, இளையவர் மட்டும் மறுத்தார். "வாங்கிட்டுப் போய் வெட்டி எடைக்குப் போடுவீங்க. எங்கப்பா வண்டிங்க அது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பதில் சொல்லாமல் முன்சக்கரத்தின் அருகே குனிந்தார். அங்கே டிரன்னியன் என்றொரு பித்தளை மூட்டு உண்டு. வண்டி திரும்பும்போதெல்லாம் மறையில் சுழலுவது அது. அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். விவரம் அறியாதவர்கள் கிரீஸ் அடித்து, அது மறைக்குள் இறங்காமல் தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடங்கி விழும். அப்பா விரலால் துடைத்து முகர்ந்து பார்த்து, "ஆயில்தான் விட்டிருக்காரு. ஒழுங்கா வெச்சிருந்த மனுசன்" என்றார்.

இளையவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு மாசத்துக்கு ஒரு தரம் அவரே படுத்துக்கிட்டு ஆயில் விடுவாரு மேஸ்திரி. எங்களைத் தொட விடமாட்டாரு" என்றார். அன்று மாலையே கையெழுத்து ஆயிற்று. அம்மாவின் சீட்டுப் பணம் அதோடு தீர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வண்டி எங்கள் பழைய கடையில் துண்டு துண்டாக இருக்கிறது. நான் போல்டுகளைக் கழற்றுகிறேன். அப்பா இடக்கையால் ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்புக் கட்டியில் எண் போடுகிறார். '4' மட்டும் தலைகீழாக விழுகிறது. தவறாகக் கழற்றினால் திட்டும் விழுகிறது. சேஸிஸ் வெல்டிங் பாக்கி, கண்ணாடி ரப்பர் இன்னும் வரவில்லை. பின்கதவுகள் இரண்டையும் போர்வையிற் சுற்றி, வீட்டில் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறோம்.