கோப்பும் நீதியும்

அரியாலையில் ஒரு சட்டத்தரணியிடம் பயிலச் சென்றபோது நான் முதலில் பழகியது வாதாட அல்ல, கோப்புக் கட்டத்தான். அதன் அருமையை 2012ஆம் ஆண்டுக் குற்றப்பிரேரணையைப் படித்தபோதே உணர்ந்தேன்.

பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீதான 14 குற்றச்சாட்டுகளில் மூன்று நிரூபிக்கப்பட்டதாகப் பாராளுமன்றத் தெரிவுக்குழு தீர்மானித்தது. ஏறத்தாழ ஆயிரம் பக்க ஆவணங்களைக் கையளித்துவிட்டு மறுநாளே பதில் கேட்டதாக அவர் தரப்பு முறையிட்டது.

அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். எழுத்தாணை மனுவில் மன்று பார்ப்பது, முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா, மறுதரப்புக்குச் செவிசாய்க்கப்பட்டதா என்பதையே. அதற்கு மனுவும் சத்தியக்கடதாசியும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளுமே ஆதாரம். ஆகவே அறிவித்தல் எப்போது கிடைத்தது, ஆவணம் எப்போது தரப்பட்டது, அவகாசம் கேட்டபோது என்ன பதில் வந்தது என்பவற்றைத் திகதிவாரியாக அடுக்கிப் பக்க இலக்கமிட வேண்டும்.

2013 ஜனவரி 7இல் மன்று தெரிவுக்குழுவின் முடிவை இரத்துச் செய்தது. ஆயினும் ஒரு வாரத்துக்குள் அவர் பதவி நீக்கப்பட்டார். 2014இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பையும் மாற்றியது. 2015 ஜனவரியில் அவர் மீண்டும் பதவியேற்று மறுநாளே ஓய்வுபெற்றார்.

கோப்பு எல்லா வழக்கையும் வெல்லாது. ஆனால் கோப்பில்லாதவர் சொல்வதை மன்று கேட்க வழியில்லை. தங்கைமாரே, உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் அது கிடைத்த திகதியைக் குறித்து வையுங்கள்.