ஒரு கதவிலக்கம், பல பெயர்கள்

நுழையும்முன்

இணையத்தில் நாம் காணும் ஒவ்வொரு பக்கமும் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. அக்கணினி குளிரூட்டப்பட்ட பெருங்கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். அங்கிருந்தபடியே ஒன்றல்ல, பல இணையதளங்களை அது தாங்கும். எவ்வாறு தாங்குகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990ஆம் ஆண்டின் இறுதியில், டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் இணையதளத்தைத் தாம் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியிலிருந்தே இயக்கினார். அதன்மீது ஒரு தாளை ஒட்டி, 'இவ்வெந்திரம் ஒரு சேவையகம். அணைத்துவிடாதீர்' என்னும் பொருள்படச் சிவப்பு மையால் எழுதிவைத்தார். யாரேனும் அணைத்திருந்தால் அன்றைய வையக விரிவு வலை முழுவதுமே நின்றுபோயிருக்கும். வீட்டில் சேவையகம் அமைப்பவரும் முதலில் எழுத வேண்டியது அத்தாளைத்தான். இரவில் மின்விசைகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு உறங்கச் செல்லும் நல்வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சேவையகத்திற்கு அவ்வழக்கம் பகை.

சேவையகம் என்பது பக்கங்களைத் தன்னிடம் வைத்திருந்து, கேட்போருக்கு எடுத்து அனுப்பும் கணினி. அதற்குப் பேராற்றல் வேண்டியதில்லை. பழைய மடிக்கணினி போதும். 2012இல் விற்பனைக்கு வந்த, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறுகணினியும் போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும், அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளையும் நிறுவினால் சேவையகம் ஆயத்தம். இதுவரை எளிது.

இனித்தான் சிக்கல். ஒருவர் தம் ஊர் நூலகத்திற்கு ஒரு தளமும், தாம் திரட்டிய நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஒரு தளமும், குடும்ப ஒளிப்படங்களுக்கு ஒரு தளமும் அமைக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். பெயர்கள் மூன்று, ஆனால் வீட்டு இணைப்பிற்குக் கிடைக்கும் ஐ.பி. முகவரி பெரும்பாலும் ஒன்றே. நான்காம் பதிப்பு ஐ.பி. முறையில் உருவாக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். அவற்றுள் பகிர்ந்தளிக்க மையத் தொகுப்பில் எஞ்சியிருந்தவையும் 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டன. தளத்திற்கொரு முகவரி கேட்பது நடவாத செயல்.

நகரத்து ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தோர்க்கு இதன் தீர்வு எளிதில் விளங்கும். கதவிலக்கம் ஒன்று, உள்ளே குடும்பங்கள் பல. அஞ்சலுறையில் கதவிலக்கத்தை மட்டும் எழுதினால் மடல் திண்ணையிலேயே கிடக்கும். பெயரும் இருந்தால்தான் உரியவரிடம் சேரும். தொடக்கக் காலத்தில் உலாவிகள் பெயரின்றியே மடல் விடுத்தன. 'இந்தப் பக்கத்தைத் தருக' என்று மட்டுமே கேட்டன. எந்தத் தளத்தின் பக்கம் என்று கூறவில்லை. 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை இக்குறையைக் களைந்தது. ஒவ்வொரு வேண்டுகோளிலும் 'ஹோஸ்ட்' என்னும் ஒரு வரியில் தளத்தின் பெயரைக் குறிப்பிடுவது கட்டாயமாயிற்று. அந்த ஒற்றை வரியின் பயனாகவே ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்க முடிகிறது.

சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பகுதி எழுதப்படும். இப்பெயரைக் கேட்டால் இந்த அடைவிலிருந்து எடுத்துக் கொடு என்பதே அதன் சாரம். இங்குப் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. கேட்கப்பட்ட பெயர் எப்பகுதியிலும் இல்லையெனில், வேறு ஏற்பாடு செய்யாதவரை, சேவையகம் முதலில் எழுதப்பட்ட தளத்தையே காட்டிவிடும். பாடல் தளத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால், பாடல் தேடி வந்தவர் முன் குடும்ப ஒளிப்படங்கள் விரியக்கூடும்! எனவே, வெற்றுப் பக்கம் ஒன்றை முதலில் வைப்பது அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

.இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா எனத் தமிழிலேயே முடியும் களப்பெயர்களும் உண்டு. களப்பெயர் அமைப்போ ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றைக் கொண்டே பெயர்களைக் கையாள்கிறது. ஆதலால் உலாவி தமிழ்ப் பெயரைப் 'பியூனிகோட்' வடிவிற்கு மாற்றி அனுப்புகிறது. என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பிலும் அவ்வடிவத்தையே எழுதுதல் வேண்டும்.

அடுத்தது வாயில். வீட்டிலுள்ள கணினிகள் 192.168 எனத் தொடங்குவது போன்ற உள்முகவரிகளைக் கொண்டவை; வெளியுலகம் அவற்றை அறியாது. வெளியிலிருந்து 80, 443 ஆகிய எண்ணுள்ள வாயில்களுக்கு வருவோரைச் சேவையகத்திடம் அனுப்புமாறு ரௌட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். வெளிமுகவரி அவ்வப்போது மாறினால், மாறிய முகவரியைக் களப்பெயர்ப் பதிவில் தானே திருத்தும் மென்பொருள் உதவும். சில இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரி தரப்படுகிறது. அங்கு ரௌட்டரில் எதைத் திருத்தினாலும் பயனில்லை. ஆறாம் பதிப்பு ஐ.பி. முகவரியையோ தனிமுகவரியையோ நாட வேண்டும். செலவு செய்யுமுன் இதனை விசாரித்துக்கொள்வது நன்று. அமைத்த தளத்தை வீட்டிற்குள்ளிருந்தே சோதிப்பதும் ஏமாற்றும்; சில ரௌட்டர்கள் உள்ளிருப்போரை வெளிப்பெயரால் வர விடுவதில்லை. கைப்பேசியில் வைஃபை இணைப்பை நிறுத்திவிட்டு அதன் இணையத் தரவின்வழியே பார்ப்பதே சரியான சோதனை.

தகவல்களை மறைத்து அனுப்ப உதவும் சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' 2015 முதல் கட்டணமின்றி வழங்கி வருகிறது. அது குறுகிய காலமே செல்லும். ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு தேவை.

திறந்த வாயிலில் விருந்தினர் மட்டுமே வருவர் என எண்ணலாகாது. சேவையகத்தின் பதிவேட்டைப் புரட்டினால், வாயில் திறந்த சில நாள்களுக்குள்ளேயே முன்பின் அறியாத எந்திரங்கள் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்த்த தடயங்கள் தென்படும். ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு குடும்பத்தின் சாவி தொலைந்தால் எல்லாருக்கும் அச்சம். அதுபோல, நூலகத் தளத்தின் பழைய மென்பொருளில் உள்ள ஓட்டை வழியே நுழைந்தவர் அடுத்த அறைக்கும் போகலாம். தளந்தோறும் தனிப் பயனர் கணக்கும் தனித் தரவுத்தளமும் வைப்பதும், மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிப்பதும் இதற்காகவே. பல ஆண்டு அலைந்து திரட்டிய பாடல்களுக்கு ஒரு வட்டு மட்டும் காவலாகாது. அவற்றின் படியொன்று வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். அப்படியைக் கொண்டு தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று ஒருமுறை செய்தும் பார்த்துவிட வேண்டும்.