தபால்காரர் பூட்ஸும் பூப்போட்ட கவுனும்

லண்டன் நகரத்துத் தெருக்களில் இன்றைக்கு ஒரு மணி நேரம் நடந்தால் போதும்; இந்தக் காட்சி தவறாமல் கண்ணில் படும். மெல்லிய துணியில் சின்னச் சின்னப் பூப்போட்ட கவுன். அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை. பார்வை அப்படியே கீழே இறங்கி வந்தால்... அடேயப்பா! கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் கனத்த தோல் பூட்ஸ்! எட்டுத் துளைகளில் நாடா கோத்து இறுக்கிக் கட்டியிருக்கும். மேலே மல்லிகைக் கொடி. கீழே தேக்குக் கட்டை!

"இது என்ன கண்றாவி மோஸ்தர்? அவசரத்தில் அண்ணனுடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாளா?" என்று நீங்கள் கேட்கலாம். சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள். அந்தப் பூட்ஸின் பூர்வோத்தரத்தைக் கேட்டால், அது அண்ணனுடையது அல்ல, பாட்டியுடையது என்பது தெரியவரும்.

1945-ஆம் வருஷம். ஜெர்மன் ராணுவத்தில் டாக்டராக இருந்த க்ளௌஸ் மேர்டன்ஸ் என்ற 25 வயது வாலிபர், பவேரியா மலைப் பிரதேசத்தில் பனிச்சறுக்கு விளையாடப் போனார். விழுந்தார், காலில் பலத்த அடி. ராணுவ பூட்ஸை மாட்டினால் உயிர் போகிற வலி. பாவம், மனிதர் என்ன செய்வார்? தமக்குத் தாமே வைத்தியம் செய்துகொண்டார். கெட்டியான தோல் அடிக்குப் பதிலாக, உள்ளே காற்றறைகள் அமைந்த ரப்பர் அடியை வைத்து ஒரு ஜோடி தயாரித்துப் பார்த்தார். மெத்தையில் நடக்கிற மாதிரி இருந்தது!

ஹெர்பர்ட் ஃபுங்க் என்ற எஞ்சினீயர் சிநேகிதரைச் சேர்த்துக்கொண்டு 1947-ல் தொழிலை ஆரம்பித்தார். யுத்தம் முடிந்த ஜெர்மனியில் ரப்பருக்கு எங்கே போவது? விமானப்படை மைதானங்களில் வேண்டாமென்று கிடந்த ரப்பரை எடுத்துக்கொண்டார்கள். குண்டு போடப் போன விமானங்களின் மிச்சம் செருப்புக்கு அடியாயிற்று!

சரி, இந்த மெத்தைச் செருப்பை யார் வாங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிப்பாய்களா, தொழிலாளிகளா? இல்லை. ஆரம்ப வருஷங்களில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைத் தாண்டிய குடும்ப ஸ்திரீகள்! காலையிலிருந்து இரவு வரை நின்று நின்று, குதிகால் கடுக்கிறது என்று சொல்லக்கூட நேரமில்லாத தாய்மார்கள். டாக்டரின் கண்டுபிடிப்பின் அருமை அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

பிறகுதான் அது ஆண்பிள்ளை வேஷம் கட்டியது. இங்கிலாந்தில் நார்தாம்டன்ஷயர் என்ற ஜில்லா பூட்ஸுக்குப் பேர்போனது. அங்கே வொலஸ்டன் என்ற ஊரில் கிரிக்ஸ் குடும்பத்தார் தலைமுறையாக பூட்ஸ் தயாரித்து வந்தார்கள். அவர்கள் ஜெர்மன்காரரிடமிருந்து அந்த ரப்பர் அடியின் உரிமையை வாங்கி, பெயரையும் வாய்க்குச் சுலபமாக 'டாக்டர் மார்ட்டென்ஸ்' என்று ஆக்கி, ஓரத்தில் மஞ்சள் நூல் தையல் போட்டு, மாட்டுரத்தச் சிவப்பில் முதல் ஜோடியை 1960 ஏப்ரல் முதல் தேதி வெளியிட்டார்கள். தேதியையே நம்பராக வைத்துவிட்டார்கள்: 1-4-60, அதாவது 1460! முட்டாள்கள் தினத்தில் பிறந்தாலும் அசட்டுப் பிள்ளையாகப் போகவில்லை.

விலை சுமார் இரண்டு பவுன். தபால்காரர்களும் பாக்டரித் தொழிலாளிகளும் போலீஸ்காரர்களும் வாங்கினார்கள். பிறகு 'தி ஹூ' கோஷ்டியின் கிதார் வித்வான் பீட் டவுன்ஷெண்ட் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் குதித்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? தலையை மொட்டையடித்துக்கொண்ட வாலிபர் கூட்டம் ஒன்று அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. (நம் ஊரில் மொட்டை என்றால் பழனியா, திருப்பதியா என்று கேட்போம். அங்கே, கைகலப்பு வருமோ என்று ஒதுங்கிப் போனார்கள்!) ஜெர்மன் பாட்டிமாரை எல்லோரும் மறந்தே போனார்கள்.

1990-களில் அது மறுபடி பெண்கள் கைக்கு, மன்னிக்கவும், காலுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்துப் பாட்டுக் கோஷ்டிகளைப் பார்த்த பெண்கள், பழைய துணிக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைத்த பூப்போட்ட கவுன்களை வாங்கி, கீழே இந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இது வெறும் கிறுக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2015 டிசம்பரில் லண்டனில் ஒரு பெண்மணி வரவேற்பாளர் வேலைக்குப் போனார். குதி உயர்ந்த ஜோடு போட்டு வரவில்லை என்பதற்காக முதல் நாளே சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, விண்ணப்பம் போட்டார். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2017 மார்ச் 6-ஆம் தேதி பார்லிமெண்டிலேயே விவாதம் நடந்தது! ஆனால் புதிய சட்டம் வேண்டியதில்லை, இருக்கிற சட்டமே போதும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஒன்பது மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவளுடைய காலில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவளைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிக்கிற உலகத்தில், ஒரு பெண் தட்டையான கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு 'டக் டக்'கென்று நடந்து போவது எனக்கென்னவோ அழகாகத்தான் படுகிறது.

ஆனால் அழகு தானாக வந்துவிடாது. கனத்த பூட்ஸை எதனோடு சேர்ப்பது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் மகளோ மருமகளோ குளிர் தேசத்தில் படிக்கிறாளா, வேலை பார்க்கிறாளா? இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

முதல் சூட்சுமம், கவுனின் விளிம்பு எங்கே நிற்கிறது என்பது. பூட்ஸின் மேல் விளிம்பும் கவுனின் கீழ் விளிம்பும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால், ஆளைப் பாதியில் வெட்டி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஒன்று, இரண்டுக்கும் நடுவே நாலைந்து அங்குலமாவது கால் தெரிய வேண்டும். அல்லது கவுன் நன்றாக இறங்கி பூட்ஸின் வாயை மூடிவிட வேண்டும். நடுவாந்தரம் உதவாது.

1940-களின் கவுன்கள் இந்த பூட்ஸுக்கு அவ்வளவு எடுப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். யுத்த காலத்தில் பிரிட்டனில் துணிக்கு ரேஷன். 1941 ஜூனில் ஆரம்பித்து 1949 வரை நீடித்தது. துணியை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால் கவுன் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. தோள் பட்டை மட்டும் விறைப்பாக இருக்கும். அந்த விறைப்புக்கும் பூட்ஸின் கனத்துக்கும் நல்ல பொருத்தம். தவிர, அந்தக் காலத்துப் பெண்களுக்கு உழைப்பாளி உடுப்பு புதிதல்ல. 'பெண்கள் நிலப் படை' என்ற பெயரில் 80,000 பேர் வரை அந்த நாட்டு வயல்களில் உழுதார்கள், அறுத்தார்கள், பால் கறந்தார்கள். பச்சைக் கம்பளிச் சட்டையும் முழங்கால் வரை நிற்கும் கால்சட்டையும்தான் அவர்களுடைய சீருடை.

1947-ல் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் அறிமுகப்படுத்திய மோஸ்தர் வேறு விதம். ஒடுங்கிய இடை, குடை மாதிரி விரிந்த நீண்ட பாவாடை. அதற்கு பூட்ஸ் சேராது என்பார்கள். சேரும், ஆனால் மேலே ஒட்டினாற்போல் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். மேலேயும் தொளதொளவென்று இருந்தால் ஆள் காணாமல் போய்விடுவாள்!

இன்னொரு எச்சரிக்கை. கவுனும் பழசு, தொப்பியும் பழசு, கையுறையும் பழசு, தலை அலங்காரமும் பழசு, கூடவே பூட்ஸ் என்றால் அது நாடக மேடை வேஷம். பழைய கவுன் என்றால் தலைமுடி இன்றைய மாதிரியில் இருக்கட்டும். ஜீன்ஸ் என்றால் மேலே பாட்டி காலத்துச் சட்டை ஒன்று இருக்கட்டும். ஜீன்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: நேராக இறங்குகிற கால், கீழே ஒரு மடிப்பு, பூட்ஸ் பாதியாவது தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு எதனோடும் சேரும். ஆனால் வெளிர் நிறக் கவுனுக்குக் கீழே இரண்டு கரித்துண்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது கறுப்பில் ஒரு பெல்ட்டோ பையோ சேர்த்தால் சமனாகிவிடும். மாட்டுரத்தச் சிவப்புக்குக் கருநீலமும் சாம்பலும் பாட்டில் பச்சையும் பிரமாதம். பழுப்பு பூட்ஸுக்கு ஜீன்ஸ்தான் ஜோடி.

புது பூட்ஸ் கடிக்கும். அதுவும் கெட்டித் தோல் பொல்லாதது. முதல் இரண்டு வாரம் கெட்டிக் காலுறை போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம் நடக்கட்டும். மழையில் நனைந்தால் உள்ளே பத்திரிகைக் காகிதத்தைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்பருகே வைத்தால் தோல் வெடித்துவிடும். பனிக்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அது பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அன்றன்றே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்றால், தோல் என்பது லேசான விஷயமல்ல. நம்முடைய ஆம்பூரையும் வாணியம்பாடியையும் ராணிப்பேட்டையையும் கேளுங்கள். அயல் நாட்டார் மாட்டிக்கொள்கிற எத்தனையோ தோல் ஜோடுகள் அந்தப் பக்கத்துப் பெண்களின் கையால் தைக்கப்பட்டவை. அதே தோல் ஆலைகளின் கழிவால் பாலாறு பட்ட பாடு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996-ல் கடுமையான தீர்ப்பு வந்தது. வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்கி எறிகிற பொருளல்ல இது. நல்லதாக ஒன்று வாங்கி, பாலிஷ் போட்டு, கிழிந்தால் தைத்து, பத்து வருஷம் உழைக்க விட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் மனத்துக்குள் கேட்கிற கேள்வி: "புடவைக்கு பூட்ஸ் போடலாமா?" தாராளமாக! பனி கொட்டுகிற ஊரில் மெல்லிய செருப்போடு நடந்து காலை உடைத்துக்கொள்வதுதான் அழகா? கைத்தறிப் புடவையாக இருக்கட்டும். உள்பாவாடையும் புடவையும் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில பூட்ஸ்களில் மேலே துளைக்குப் பதிலாக உலோகக் கொக்கிகள் இருக்கும். அவை புடவையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடும். ஜரிகைப் புடவையானால் போயிற்று! துளை மட்டுமே உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் எட்டுத் துளை நாடாவைக் குனிந்து அவிழ்த்து மறுபடி கட்டுவதற்குள் தீபாராதனையே முடிந்துவிடும் என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. விக்டோரியா மகாராணிக்கு பூட்ஸ் தைத்துக் கொடுத்த ஸ்பார்க்ஸ் ஹால் என்பவர், நாடாவே இல்லாமல் இரு பக்கமும் எலாஸ்டிக் வைத்த பூட்ஸைச் செய்தார். மகாராணியே அதை விரும்பிப் போட்டுக்கொண்டாராம். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாத் தீவின் உழைப்பாளிகள் போடுகிற பூட்ஸும் அதே ஜாதிதான். காலை நுழைத்து இழுத்தால் மாட்டிக்கொள்ளும். குதியைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும்.