பானகமும் ஒரு காக்டெயில்தான்!

'காக்டெயில்' என்றதும், ''ஐயையோ!'' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமாசாரம் சுத்த சைவம்!

பார்ட்டிகளில் கவனித்திருப்பீர்கள். குடிப்பவர்களுக்கு ஏக உபசாரம். ''நமக்குப் பழக்கமில்லீங்க'' என்பவருக்கோ, கேஸ் போன கலர் அரை டம்ளர்! ராத்திரி அத்தனை பேரையும் காரில் பத்திரமாக வீடு சேர்க்கப் போகிறவரே அவர்தான். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு உருப்படியாக ஒரு டம்ளர் தர வேண்டாமா?

1806-ல், 'காக்டெயில் என்றால் என்ன?' என்று கேட்ட வாசகருக்கு அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பதில் சொன்னது: மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு கலந்த பானம். அதற்கும் முன்பே, 17-ம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஆங்கிலேயர்கள் ருசித்தது 'பஞ்ச்'. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சாமான். 'பஞ்ச' என்ற ஐந்திலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்று பலரும் சொல்கிறார்கள்.

அதில் சாராயத்தைக் கழித்துவிட்டு, சர்க்கரைக்குப் பதில் வெல்லம், மசாலாவுக்குச் சுக்கும் ஏலக்காயும் போடுங்கள். அட, ஸ்ரீராமநவமிப் பானகம்!

சூட்சுமம் இவ்வளவுதான். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றில் எதுவும் மற்றதை அமுக்கிவிடக் கூடாது. இது பிடிபட்டால் எந்த சீஸனுக்கும் ஒரு கலவை ரெடி.

சித்திரை, வைகாசி: ஒரு மாங்காயை வேகவைத்துச் சதையை மசித்து, வெல்லம், உப்பு, வறுத்த சீரகப் பொடி சேர்த்தால் நாலு டம்ளர் தேறும். மேலே பொடியாக நறுக்கிய நுங்கு போட்டால், பேஷ்!

ஆனி, ஆடி: நாவல் பழச் சதையோடு எலுமிச்சை, புதினா, ஒரு சிட்டிகை உப்பு. அந்த ஊதா நிறத்துக்கே குழந்தைகள் சண்டை போடும்.

ஐப்பசி, கார்த்திகை: அடைமழைக்கு ஐஸ் எதற்கு? சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துச் சுடச்சுடக் கொடுங்கள்.

மார்கழி, தை: நெல்லிக்காய்ச் சாறு, இஞ்சி, தேன். பொங்கல் சமயத்தில் கரும்புச் சாறும் எலுமிச்சையும்.

கைப்பக்குவம்:

* ஜில் தண்ணீரில் வெல்லம் லேசில் கரையாது. வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள்.

* புதினாவை அரைத்தால் கசக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டாலே மணக்கும்.

* எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும்.

* கொதித்து ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே ஐஸ் செய்யுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும், ருசி நீர்த்துப் போகாது.

* ''வெல்லம்தானே!'' என்று சர்க்கரை நோயாளிகள் ஏமாற வேண்டாம். அவர்களுக்கு இஞ்சி, கறிவேப்பிலை போட்ட நீர்மோர்.

கடைசியாக ஒண்ணு. 'சும்மா தமாஷுக்கு' என்று இந்த டம்ளரில் தெரியாமல் 'சரக்கு' கலக்கிற கில்லாடிகள் உண்டு. வாங்கிக் குடிப்பவர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம், கர்ப்பிணியாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் குழந்தைகளை வண்டியில் ஏற்றப் போகிறவராக இருக்கலாம். உங்களை நம்பி நீட்டிய கை அது. தமாஷுக்கு வேறு இடம் பாருங்கள், சார்!