கையெழுத்துப் போடுமுன் சம்பளச் சீட்டைப் பாருங்கள், டீச்சர்

மருத்துவக் காப்பீடு விற்கும் ஏஜென்ட் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், அவர் பெரும்பாலும் சக ஆசிரியை ஒருவரின் கணவராகவோ தம்பியாகவோ இருப்பார். முகத்துக்காக மறுக்க முடியாது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடிவிடுகிறோம். மாணவன் வெற்றுத்தாளை நீட்டினால் முட்டி போடச் சொல்பவர்கள் நாம்தான்!

புதிதாக எதையும் வாங்குமுன், கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தனியார் பள்ளியில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருகிறார்கள். “அதெல்லாம் மில் தொழிலாளிக்கு, டீச்சருக்கு எதற்கு?” என்று கேட்கும் தாளாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்வி நிறுவனங்களுக்கும் இஎஸ்ஐ உண்டு என்று தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்தது. அது செல்லும் என்று 2020இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது.

உங்கள் பங்கு 0.75 சதவீதம், பள்ளியின் பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் கட்டுவது மாதம் 113 ரூபாய்தான். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் சிகிச்சை உண்டு. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் படிவம் நீட்டிக் கேட்பதில்லை. ஆனால் பிடித்தம் செய்த பணத்தைப் பள்ளி உண்மையிலேயே கட்டுகிறதா? காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் கணக்கில் நீங்களே பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல், பணி நியமனக் கடிதம் ஆகியவற்றோடு அருகிலுள்ள இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால், சொன்னதற்கே சாட்சி இருக்காது.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் மறுநாளே இஎஸ்ஐ போய்விடாது. ஜூன் மாதம் சம்பளம் உயர்ந்தால் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும்; அதற்கான பலன் அடுத்த ஆண்டு ஜூன் வரை கிடைக்கும். தனியார் பாலிசி எடுக்க அதுதான் நேரம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் ஒரு பகுதி, இஎஸ்ஐ பலன் முடிவதற்குள் ஓடிவிடும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் ஒரு பெரிய ஓட்டை: திருமணமானவர்களின் பெற்றோர் அதில் இல்லை. எழுபது வயது அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அட்டையை நீட்டிய பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. ஆகவே அரசு ஆசிரியர் கூடுதலாகப் பணம் போட வேண்டிய இடம் பெற்றோருக்கான பாலிசி. தனக்கே இன்னொன்று எடுப்பது அதற்கு அப்புறம்.

தனியார் பாலிசி எடுப்பவர்கள் படிவத்தைத் தம் கையால் நிரப்ப வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பழைய அறுவை சிகிச்சை என எல்லாவற்றையும் எழுதுங்கள். “அதைப் போட்டா பிரீமியம் ஏறிடும் டீச்சர்” என்பார் ஏஜென்ட். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சொல்லிவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருந்தால் போதும். 2024இல் வந்த விதி இது. மறைத்தால், தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டி முடிக்கும் வரை அதையே காரணம் காட்டிப் பணத்தை மறுக்கலாம்; பாலிசியையே ரத்து செய்யவும் செய்யலாம். மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் விடமாட்டார்கள். மறுபடியும் சொல்கிறேன்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதனுடன் இருக்கும் படிவ நகலைப் படியுங்கள். தப்பாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். நாளுக்கு 3,000 என்று எழுதியிருக்க 6,000 ரூபாய் அறையில் படுத்தால், பல பாலிசிகளில் வாடகையோடு டாக்டர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியை வெட்டுவார்கள்.

பணம் மறுக்கப்பட்டால் மருத்துவமனைக் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பாலிசி நகலுடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், அடுத்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலை 453ஆம் எண், பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லலாம். நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அவசரப்பட்டு ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். பலர் தவறுவது இந்த வரிசையில்தான்.